ஜெர்மன் ஷெப்பர்டுக்கு எல்லையைக் காட்டுங்கள்

ஜெர்மன் ஷெப்பர்ட் வளர்க்கிறவர்கள் என்னிடம் அடிக்கடி கேட்பது இது: "சுவரோரமாவே போறான், வர்றான். ஏதாவது கோளாறா?" கோளாறெல்லாம் இல்லை. அவன் பாட்டன் முப்பாட்டன் பார்த்த வேலையே அதுதான்.

ஜெர்மனியில் வேலியில்லாத வயல்களுக்கு நடுவே ஆடு மேய்க்க வேண்டியிருந்தது. இந்தப் பக்கம் புல், அந்தப் பக்கம் பயிர். நடுவிலுள்ள கோட்டில் பகல் முழுக்க ஓடி, பயிரில் வாய் வைக்கப் போகும் ஆட்டை மடக்குவது நாயின் பொறுப்பு. மேய்ப்பர் எங்கோ தள்ளி நிற்பார். எந்த ஆட்டை எப்போது மடக்குவதென்று பெரும்பாலும் நாயேதான் முடிவெடுக்கும்.

அப்படியான நாய் ஒன்றை 1899இல் ஒரு நாய்க் கண்காட்சியில் பார்த்து வாங்கினார் மாக்ஸ் ஃபான் ஸ்டெஃபானிட்ஸ் என்ற முன்னாள் குதிரைப்படை அதிகாரி. ஹோராண்ட் ஃபான் கிராஃப்ராத் என்று அதற்குப் புதுப்பெயர் வைத்தார். அதே ஆண்டு அவர் தொடங்கிய ஜெர்மன் ஷெப்பர்ட் சங்கத்தின் பதிவேட்டில் முதல் நாய் அதுதான். மந்தைகள் குறையக் குறைய, இந்த இனத்தைப் போலீஸ், ராணுவ வேலைக்குத் திருப்பினார். 1916இல் ஜெர்மனியின் ஓல்டன்பர்க் நகரில், முதல் உலகப் போரில் பார்வையிழந்த வீரர்களுக்காக வழிகாட்டி நாய்ப் பள்ளியும் வந்தது. வேலை எத்தனை மாறினாலும் 'நானே பார்த்துக்கிறேன்' என்கிற புத்தி மட்டும் போகவில்லை.

அந்தப் புத்தியை அடக்கப் பார்க்காதீர்கள், வேலை கொடுங்கள். தினமும் வாரைப் பிடித்து வீட்டு எல்லையோரமாக ஒரு சுற்று கூட்டிப் போங்கள். கேட் வந்ததும் நின்றுவிடுங்கள், பேச வேண்டாம். நாய் முதலில் கேட்டைப் பார்க்கும், காதை விறைக்கும், மூச்சை இழுக்கும். கொஞ்சம் பொறுத்தால் திரும்பி உங்கள் முகத்தைப் பார்க்கும். அந்த நொடியில் தீனி கொடுங்கள். ஒரு நொடி பிந்தினாலும் கேட்டைப் பார்த்ததற்குக் கிடைத்ததாக நினைத்துக்கொள்ளும்.

குரைத்தால் நாற்காலியில் இருந்தபடி அதட்டாமல் எழுந்து போய் எட்டிப் பாருங்கள். பிறகு "போதும்" என்று ஒரே தடவை சொல்லுங்கள். வாய் மூடியதும் தீனி.

குழந்தைகள் ஓடும்போது கணுக்காலைக் கவ்வுவதும் மேய்க்கும் குணம்தான், அதற்காகச் சும்மா விட்டுவிட முடியாது. ஓடுகிறவர்களை நிற்கச் சொல்லுங்கள், கவ்வ ஒரு கயிற்றுப் பொம்மையைக் கொடுங்கள். பழகும்வரை வார் கையிலேயே இருக்கட்டும்.

புது ஆளிடம் உடனே ஒட்டாதது இந்த இனத்தின் இயல்பு. வருகிறவர்களை எல்லாம் தடவிக்கொடுக்கச் சொல்லாதீர்கள். ஆனால் வாலைக் கால்களுக்கிடையில் சுருட்டிப் பின்வாங்கிக்கொண்டே குரைத்தால் அது பயம், வீரமில்லை. குட்டிக்கு மூன்று மாதம் முடிவதற்குள் குடை, ஹெல்மெட், சக்கர நாற்காலி என்று எல்லாவற்றையும் தூரத்திலிருந்தே காட்டிப் பழக்குங்கள்.

ரெண்டு அடுக்கு முடி, கொட்டும், மொட்டையடிக்காதீர்கள். ஒன்றரை வயதுவரை உயரத்திலிருந்து குதிக்க வைப்பதும் பைக்குப் பின்னால் ஓட விடுவதும் கூடாது. இடுப்பு மூட்டுக் கோளாறு இந்த இனத்தில் அதிகம். அதனால் குட்டி வாங்கும் முன்பே தாய், தகப்பன் இரண்டின் இடுப்பு எக்ஸ்ரே ரிப்போர்ட்டையும் கேளுங்கள். "அதெல்லாம் எதுக்குங்க?" என்று சிரிக்கிறவரிடம் வாங்காதீர்கள்.