ஒரு மூலை, ஆறு தாள், ஒரு விளக்குச் சரம்: குறைந்த செலவில் கிறிஸ்துமஸ் அலங்காரம்

கையில் காசு குறைவாக இருக்கும் வருடத்தில், இருக்கிற நாலு பொருளை வீடு முழுக்கப் பிரித்து வைக்கத்தான் மனசு போகும். வாசலில் ஒரு மணி, அலமாரி மேல் ஒரு குட்டி மரம், ஜன்னலில் கொஞ்சம் ஜிகினா. நானும் சில வருடங்கள் அப்படித்தான் வைத்தேன். எதுவும் கண்ணில் நிற்கவில்லை. பிறகு ஒரு வருடம் எல்லாவற்றையும் கழற்றி, ஜன்னலோரம் ஒரே மூலையில் சேர்த்து, பின்னால் ஒரு விளக்குச் சரத்தைப் போட்டேன். அதே பொருட்கள்தான், ஆனால் அன்று மாலை வீட்டில் எல்லோரும் அங்கேயே வந்து உட்கார்ந்துவிட்டோம். அதிலிருந்து நான் அலங்கரிப்பது ஒரு மூலையை மட்டும்தான். காசு கொடுத்து வாங்குவதும் பெரும்பாலும் விளக்கை மட்டும்தான்.

கத்தரிக்கோலைப் பிடிக்கத் தெரிந்தால் போதும், கீழே உள்ள எல்லாவற்றையும் செய்துவிடலாம். கிறிஸ்துமஸுக்கு முன்னால் வரும் திருவருகைக் காலத்தில் நான்கு ஞாயிறுகள் இருக்கின்றன. ஞாயிறுக்கு ஒரு வேலை என்று வைத்துக்கொண்டால் அவசரமே இருக்காது.

முதல் வேலை: இடம் பார்ப்பது

மாலையில் விளக்கேற்றும் நேரத்தில், நீங்கள் வழக்கமாக உட்காரும் இடத்தில் உட்காருங்கள். கண் தானாக எங்கே போகிறது என்று பாருங்கள். அதுதான் உங்கள் மூலை. பக்கத்தில் ப்ளக் பாயிண்ட் இருக்க வேண்டும். ஜன்னலாக இருந்தால் இன்னும் நல்லது. நட்சத்திரம் உள்ளே இருப்பவர்களுக்கும் தெரியும், தெருவில் போகிறவர்களுக்கும் தெரியும்.

இடம் முடிவானதும் அங்கே இருக்கும் சாமான்களை எல்லாம் எடுத்துவிடுங்கள். பழைய காலண்டர், சார்ஜர் வயர், மருந்து டப்பா, எதுவும் இருக்கக் கூடாது. துடைத்துச் சுத்தமான இடத்தில் காகித நட்சத்திரம்கூட எடுப்பாகத் தெரியும்.

நிறம்

வெள்ளை, அதோடு இன்னொரு நிறம். சிவப்போ பச்சையோ பொன்னிறமோ, ஒன்று போதும். வீட்டில் கிடைப்பவை ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாதவையாக இருந்தாலும், நிறம் ஒத்துப்போனால் சேர்த்து வாங்கிய செட் போலத் தெரியும். பழைய சிவப்புத் துப்பட்டா, பரிசு சுற்றிவந்த காகிதம், ரிப்பன், காலியான கண்ணாடி பாட்டில் என்று ஒரு பெட்டியில் சேர்த்து வையுங்கள். நிறத்துக்கு ஒத்துவராததைக் கூச்சப்படாமல் விட்டுவிடுங்கள்.

நட்சத்திரம்

இந்த மூலையின் உயிர் இதுதான். அதனால் நிதானமாகச் சொல்கிறேன். காகித நட்சத்திரம் என்றால் காசில்லாதவர்கள் செய்வது என்ற எண்ணம் சிலருக்கு இருக்கிறது. அது சரியில்லை. இன்று பல நாடுகளில் தொங்கவிடப்படும் பல முனை மொராவியன் நட்சத்திரமே 1830களில், ஜெர்மனியின் நீஸ்கி என்ற ஊரில் இருந்த மொராவியன் திருச்சபைப் பள்ளியில், வடிவியல் பாடத்துக்காகச் செய்யப்பட்டதுதான். நாம் செய்யப்போவது அதைவிட எளிமையானது, ஆறு முனைகள் கொண்டது.

தேவையானவை: ஏ4 தாள் ஆறு, கத்தரிக்கோல், பென்சில், ஸ்கேல், செலோடேப், ஸ்டேப்ளர், நூல்.

ஒரு தாளின் மூலையை எதிர்ப்பக்க விளிம்போடு சேர்த்து முக்கோணமாக மடியுங்கள். மிச்சமாக நிற்கும் பட்டையை வெட்டி எடுத்தால் 21 செ.மீ. சதுரம் கிடைக்கும். அந்தப் பட்டைகளை எறியாதீர்கள், அடுத்த வேலைக்கு வேண்டும்.

முக்கோணமாக இருப்பதை இன்னொரு முறை பாதியாக மடியுங்கள். இப்போது கையில் இருக்கும் சின்ன முக்கோணத்தில் நீளமான பக்கத்தில் தாள்கள் பிரிந்து நிற்கும். மற்ற இரண்டு பக்கங்களும் மடிப்புகள். நீளப் பக்கத்துக்கு இணையாக, இரண்டரை செ.மீ. இடைவெளியில் மூன்று கோடுகள் போடுங்கள். ஒரு மடிப்புப் பக்கத்திலிருந்து தொடங்கிக் கோட்டின் மேலேயே வெட்டிப் போங்கள். மறுபக்க மடிப்பைத் தொட ஒரு செ.மீ. இருக்கும்போது நிறுத்திவிடுங்கள். மூன்று வெட்டும் ஒரே பக்கத்திலிருந்துதான் தொடங்க வேண்டும். புதிதாகச் செய்பவர்கள் தவறுவது இந்த இடத்தில்தான். ஒன்று இந்தப் பக்கம், ஒன்று அந்தப் பக்கம் என்று வெட்டினால் அந்தத் தாள் போச்சு. நிறுத்த வேண்டிய இடத்தில் முதலிலேயே பென்சிலால் ஒரு புள்ளி வைத்துக்கொள்ளுங்கள்.

தாளை விரியுங்கள். ஒன்றுக்குள் ஒன்றாகச் சதுரங்கள் தெரியும். நடுவில் உள்ள சின்னச் சதுரத்தின் இரண்டு நுனிகளை எடுத்துக் குழல் போலச் சேர்த்து செலோடேப் ஒட்டுங்கள். தாளைத் திருப்பிப் போட்டு, அடுத்த ஜோடி நுனிகளை இந்தப் பக்கமாகச் சேர்த்து ஒட்டுங்கள். மறுபடியும் திருப்பி அடுத்தது, மறுபடியும் திருப்பிக் கடைசி. முறுக்கிய இதழ் ஒன்று கையில் இருக்கும். முதல் இதழ் வந்துவிட்டால் மற்ற ஐந்தையும் செய்ய அதிக நேரம் பிடிக்காது. குழந்தைகள் இருந்தால் ஒட்டும் வேலையை அவர்களிடம் கொடுங்கள், மிகவும் விரும்பிச் செய்வார்கள்.

ஆறும் தயாரானதும், மூன்று இதழ்களின் அடிநுனிகளைச் சேர்த்து ஸ்டேப்ளர் அடியுங்கள். மற்ற மூன்றையும் அப்படியே. பிறகு இரண்டு பாதிகளையும் நடுவில் சேர்த்து அடியுங்கள். அடுத்தடுத்த இதழ்களின் இடுப்பு உரசும் இடங்களிலும் ஒவ்வொரு பின் அடித்தால்தான் நட்சத்திரம் தொய்யாமல் நிற்கும். ஒரு முனையில் நூல் கட்டித் தொங்கவிடுங்கள். அரை மீட்டருக்கும் மேல் அகலமான நட்சத்திரம் ஆறே தாளில் முடிந்துவிட்டது.

மிச்சப் பட்டைகளில் சங்கிலி

எடுத்து வைத்த ஒவ்வொரு பட்டையையும் நீளவாக்கில் மூன்றாக வெட்டுங்கள். மொத்தம் 18 துண்டுகள். ஒன்றை வளையமாக ஒட்டி, அதற்குள் அடுத்ததை நுழைத்து ஒட்டிக்கொண்டே போனால் ஏறக்குறைய ஒரு மீட்டர் சங்கிலி வரும். நிறத் தாளில் இன்னும் கொஞ்சம் துண்டுகள் வெட்டி இடையிடையே சேர்த்தால் நீளமும் கூடும், அழகும் கூடும்.

குச்சிமரம்

மரம் வாங்க வேண்டாம். காய்ந்து விழுந்த குச்சிகள் ஏழு போதும். வெயிலில் இரண்டு நாள் போட்டு, எறும்பு பூச்சி இல்லாமல் உதறி எடுங்கள். மிக நீளமானது 60 செ.மீ., மிகச் சிறியது 10 செ.மீ., மற்றவை இடைப்பட்ட அளவில். நீளமானதைக் கீழேயும் சிறியதை மேலேயும் வரிசையாகத் தரையில் அடுக்கி, இரண்டு ஓரத்திலும் சணல் கயிற்றால் ஒவ்வொன்றாக முடிந்து மேலே கொண்டுவாருங்கள். குச்சிகளுக்கு இடையே 10 செ.மீ. விட்டால் போதும். உச்சியில் இரண்டு கயிற்றையும் சேர்த்துக் கட்டி, சுவரில் ஒரு ஆணியில் மாட்டிவிடலாம். தரையில் இடமே பிடிக்காது. சின்ன வீடுகளுக்கு இதைவிடப் பொருத்தமான மரம் எனக்குத் தெரியாது. காகிதச் சங்கிலியை இதில்தான் சுற்றுவேன்.

குடில்

நட்சத்திரத்துக்கு நேர் கீழே குடில் வையுங்கள். செருப்புப் பெட்டியைப் பக்கவாட்டில் நிறுத்தினால் தொழுவம். உள்ளே வைக்கோலோ காய்ந்த புல்லோ பரப்புங்கள், வெளியே பழைய சணல் சாக்குத் துண்டை ஒட்டுங்கள். அட்டைப் பெட்டி தெரியாது.

சொரூபங்கள் செட்டாக வாங்க முடியவில்லையே என்று யாரும் வருந்த வேண்டாம். 1223ஆம் ஆண்டு அசிசியின் புனித பிரான்சிஸ், இத்தாலியின் கிரேச்சோவில் கிறிஸ்து பிறப்புக் காட்சியை அமைத்தபோது அங்கே இருந்தவை தீவனத் தொட்டி, வைக்கோல், ஒரு எருது, ஒரு கழுதை, அவ்வளவுதான். குடில் வைக்கும் வழக்கம் பரவியது அந்த எளிமையிலிருந்துதான். எங்கள் வீட்டில் ஒரு வருடம் குழந்தை இயேசு சொரூபமும் வைக்கோலும் மட்டுமே இருந்தன. 24ஆம் தேதி இரவு வரை தொழுவம் காலியாக இருந்தது. நள்ளிரவில் குழந்தையைக் கொண்டுவந்து கிடத்தியபோது வீடே அமைதியானது. அத்தனை நிறைவான குடிலை நான் அதற்குப் பிறகு வைக்கவில்லை.

விளக்கு

காசைச் செலவிடுங்கள் என்று நான் தைரியமாகச் சொல்வது இதற்கு மட்டும்தான். எல்இடி சீரியல் லைட் ஒன்று, மஞ்சள் கலந்த வெள்ளை ஒளி தருவதாக. மின்சாரம் குறைவாக எடுக்கும், பழைய குண்டு பல்புகளைப் போலச் சூடாகாது, பல வருடம் வரும். விட்டுவிட்டு எரியும் பல வண்ண விளக்கைவிட நிலையாக எரியும் ஒரே நிற விளக்கு கண்ணுக்கு இதமாக இருக்கும்.

பல்புகள் நேராகக் கண்ணில் படும்படி மாட்டாதீர்கள். ஜன்னல் சட்டத்தின் ஓரமாக, திரைக்குப் பின்னால், குடிலின் கூரைக்கு அடியில் என்று மறைத்து ஓடவிடுங்கள். காலியான கண்ணாடி பாட்டில்களைச் சரத்துக்கு முன்னால் நிறுத்தினால் ஒளி அவற்றில் பட்டுச் சிதறும். காகிதத்துக்குப் பின்னாலிருந்து வெளிச்சம் வரும்போது நட்சத்திரத்தின் ஒவ்வொரு முறுக்கிலும் நிழல் விழும். அந்த அழகுக்காகத்தான் இத்தனை வேலையும்.

காகிதம், வைக்கோல், காய்ந்த குச்சி, மூன்றும் சட்டென்று பற்றிக்கொள்பவை. இந்த மூலையில் மெழுகுவர்த்தி வேண்டவே வேண்டாம். வயரில் தோல் உரிந்திருக்கிறதா என்று பார்த்த பிறகே செருகுங்கள். விரிப்புக்கு அடியில் வயரை ஓட்டாதீர்கள். தூங்கப் போகும்போதும் வெளியே கிளம்பும்போதும் அணைத்துவிடுங்கள்.

கழற்றும்போது

ஜனவரி 6, ஞானிகள் குழந்தை இயேசுவைக் காண வந்ததை நினைவுகூரும் திருக்காட்சிப் பெருவிழா முடிந்ததும் கழற்றலாம். நட்சத்திரத்தை நசுக்கி மடிக்காமல், நடுப் பின்னையும் இரண்டு பாதிகளும் உரசும் இடத்துப் பின்களையும் எடுத்து, இரண்டு பாதிகளாக ஒரு பெட்டியில் வையுங்கள். அடுத்த வருடம் மறுபடி பின் அடித்தால் போதும். விளக்குச் சரத்தை ஒரு அட்டைத் துண்டில் சுற்றி வையுங்கள், சிக்காது. குச்சிமரத்தைக் கயிற்றோடு சுருட்டிக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிடலாம்.