சபைக்கு புதுசா கமிட்டி போடுறீங்களா? மொதல்ல இத பாத்துக்கோங்க

சபையில அம்பது அறுபது குடும்பம் சேர்ந்ததுமே கமிட்டி போடலாம்னு பேச்சு வந்துரும், உடனே யாரு நல்லா காணிக்கை குடுக்கறா, யாரு வக்கீல், யாரு பேங்க்ல இருக்கான்னுதான் கண்ணு போகும். அதுக்கு முன்னாடி எல்லாரும் உக்காந்து பைபிள்ல 1 தீமோத்தேயு 3ம் அதிகாரமும் தீத்து 1ம் அதிகாரமும் வாசிங்க, சபைய நடத்துறவங்களுக்கு என்ன தகுதி வேணும்னு அங்கதான் இருக்கு. அதுல சொத்தும் இல்ல பட்டமும் இல்ல, போதிக்கத் தெரியணும்ங்கறத விட்டா கிட்டத்தட்ட எல்லாமே குணம்தான்: பண ஆசை கூடாது, சண்டைக்காரரா இருக்கக் கூடாது, வீட்ட ஒழுங்கா நடத்தணும், புது விசுவாசியா இருக்கக் கூடாது. வெளியாட்கள்கிட்டயும் நல்ல பேரு இருக்கணும்னு ஒண்ணு இருக்கே, அத யாரும் விசாரிக்கறதே இல்ல. நீங்க கமிட்டிக்கு நினைக்கிற ஆளோட கடையில வேலை பாக்குற பையன்கிட்ட சும்மா பேச்சு குடுத்துப் பாருங்க, சம்பளம் ஒழுங்கா வருதான்னு தெரிஞ்சுரும்.

ஒரே ஆள்கிட்ட எல்லாத்தையும் குடுக்காதீங்க. அப்போஸ்தலர் 14:23ல அப்போஸ்தலர்களான பவுலும் பர்னபாவும் சபைக்கு சபை மூப்பர்கள, அதாவது சபைய நடத்துற பெரியவங்கள, ஏற்படுத்துனாங்க, ஒருத்தர நட்டுட்டுப் போகல.

அடுத்தது சொந்தம், ஜாதி. நம்ம சபைகள்ல கமிட்டி லிஸ்ட்ட பாத்தாலே எந்தத் தெருன்னு சொல்லிரலாம், வெளிய சொல்லதான் யாருக்கும் வாய் வராது. அப்போஸ்தலர் 6ல கிரேக்க மொழி பேசுற விதவைகள பந்தியில கவனிக்கலைன்னு முறுமுறுப்பு வந்தப்ப அப்போஸ்தலர்கள் என்ன செஞ்சாங்க? ஏழு பேர நீங்களே தெரிஞ்செடுங்கன்னு சபைகிட்டயே விட்டாங்க, வந்த ஏழு பேருமே ஸ்தேவான், பிலிப்பு, நிக்கானோர்னு கிரேக்கப் பேருக்காரங்க, அதாவது குறை சொன்ன பக்கத்து ஆட்கள்கிட்டயே பொறுப்பு போயிருச்சுன்னுதான் நான் வாசிக்கிறேன். உங்க சபையில யாரு ரொம்ப நாளா முணுமுணுக்கறாங்களோ அங்கேர்ந்து ஆள் எடுங்க.

இப்ப காணிக்கை. எருசலேம் ஏழைகளுக்கு சேத்த பணத்த பவுல் தனியா கையாளல, தன்னோட உடன் ஊழியர் தீத்துவோட இன்னும் ரெண்டு சகோதரர்கள அனுப்புறாரு, அதுல ஒருத்தர் சபைகளே தெரிஞ்செடுத்தவர் (2 கொரிந்தியர் 8). பவுலுக்கே அப்படின்னா நமக்கு? ஆராதனை முடிஞ்சதும் காணிக்கைப் பைய பாஸ்டர் வீட்டுக்குக் கொண்டு போகாதீங்க. அங்கேயே மேசையில கொட்டி, சொந்தக்காரங்களா இல்லாத ரெண்டு பேர் எண்ணி, நோட்டுக்கட்டு சில்லறை தனித்தனியா ரெஜிஸ்டர்ல எழுதி ரெண்டு பேரும் கையெழுத்து போட்டுட்டு, திங்கக்கிழமை பேங்க்ல கட்டிருங்க. ஜிபே க்யூஆர் சபை அக்கவுண்ட்டுக்குதான் போகணும், பாஸ்டரம்மா நம்பருக்கு இல்ல. வருஷக் கணக்க போர்டுல ஒட்டுங்க.

பாஸ்டர் மேலயே புகார் வந்தா? 1 தீமோத்தேயு 5:19, 20 ரெண்டையும் சேர்த்துப் பிடிங்க, ரெண்டு மூணு சாட்சி இல்லாம ஏத்துக்கக் கூடாது, பாவம்னு உறுதியானா எல்லார் முன்னாடியும் கண்டிக்கணும். முதல் வசனத்த மட்டும் காட்டி வாய அடைக்கறதுதான் நெறைய எடத்துல நடக்குது. குற்றம் சட்டப்படியான குற்றம்னா, குறிப்பா பிள்ளைங்க சம்பந்தப்பட்டதுன்னா, கமிட்டி விசாரிச்சு முடிக்கட்டும்னு காத்திருக்காம போலீஸ்க்குப் போயிரணும். மத்த புகார்னா அந்த மீட்டிங்குக்கு பாஸ்டர் தலைமை தாங்கக் கூடாது, இத புகார் எதுவும் இல்லாத இப்பவே சட்டதிட்டத்துல எழுதி வச்சிருங்க.