'இங்' எங்கே நிற்கிறது? பிரசன்ட் பார்ட்டிசிப்பிளை அடையாளம் காணும் வழி

பெயர்தான் மிரட்டும். ஆங்கிலத்தில் வினைச்சொல்லோடு 'இங்' சேர்ந்த வடிவம்தான் பிரசன்ட் பார்ட்டிசிப்பிள். வாக்கியத்தில் அது நிற்கும் இடத்தைப் பார்த்தாலே அதன் வேலை பெரும்பாலும் பிடிபட்டுவிடும்.

படி 1: வடிவத்தை உண்டாக்குங்கள். 'வாக்', 'வாக்கிங்' ஆகும். 'மேக்' போல ஒலிக்காத 'ஈ' எழுத்தில் முடிந்தால் அதை நீக்கிவிட்டுச் சேர்க்க வேண்டும். 'ரன்' என்பதில் கடைசி 'என்' இரட்டிக்கும்.

படி 2: முன்னால் 'இஸ், ஆர், வாஸ்' போன்ற துணைவினை இருக்கிறதா? 'த பேபி இஸ் க்ரையிங்' என்றால் குழந்தை அழுதுகொண்டிருக்கிறது. 'வாஸ் க்ரையிங்' என்றால் அழுதுகொண்டிருந்தது. ஆக, பெயரில் 'பிரசன்ட்' இருந்தாலும் காலத்தைச் சொல்வது துணைவினைதான்.

படி 3: பெயர்ச்சொல்லுக்கு முன்னால் வந்தால் அது நம் பெயரெச்சம் மாதிரி. 'எ க்ரையிங் பேபி', அழுகிற குழந்தை. 'போரிங்' போன்ற சில சொற்கள் துணைவினைக்குப் பின்னாலும் இப்படித் தன்மையைச் சொல்லும். அதனால் அலுத்துப்போயிருக்கும்போது 'ஐ ஆம் போரிங்' என்று சொல்லிவிடாதீர்கள். 'நான் சரியான அறுவை' என்று நீங்களே ஒப்புக்கொண்டதாகிவிடும்! அங்கே 'போர்ட்' வர வேண்டும்.

படி 4: வாக்கியத்தின் தொடக்கத்தில் வருகிறதா? இங்கேதான் நிதானம் தேவை. 'வாக்கிங் டவுன் த ரோட், ஐ சா எ ஸ்நேக்.' சாலையில் நடந்து போகையில் ஒரு பாம்பைப் பார்த்தேன். நடந்ததும் நான், பார்த்ததும் நான். சரி.

'வாக்கிங் டவுன் த ரோட், எ ஸ்நேக் பிட் மீ' என்றால்? பாம்பு நடந்து வந்து கடித்ததாக ஆகிவிடும். தமிழில் 'நடந்து போகும்போது பாம்பு கடித்துவிட்டது' என்பது இயல்பான பேச்சு. நடந்தவர் யார் என்பது சொல்லாமலே புரியும். அந்தப் பழக்கத்தில்தான் நாம் ஆங்கிலத்திலும் தடுக்கி விழுகிறோம். கமாவுக்குப் பின் வரும் எழுவாய்தான் அந்த 'இங்' செயலையும் செய்திருக்க வேண்டும். ஆள் வேறென்றால் 'வைல் ஐ வாஸ் வாக்கிங்' என்று விரித்து எழுதுங்கள்.

படி 5: தொழிற்பெயரைப் பிரித்தெடுங்கள். அதற்கும் இதே 'இங்' வடிவம்தான். 'ஸ்விம்மிங் இஸ் ஈஸி' என்பதில் 'ஸ்விம்மிங்' இருந்த இடத்தில் 'இட்' போட்டாலும் வாக்கியம் நிற்கிறது. அது ஜெரண்ட், அதாவது தொழிற்பெயர்: 'நீந்துதல்'. 'ஸ்லீப்பிங் பேபி' என்றால் தூங்குகிற குழந்தை. 'ஸ்லீப்பிங் பேக்' என்றால்? பை தூங்காது. தூங்குவதற்கான பை அது. எனவே அதுவும் ஜெரண்ட்தான்.