ஜியோலைட்டில் ஒட்டும் கார்பன் டைஆக்ஸைடை அகச்சிவப்பில் பார்ப்பது எப்படி?

இந்தச் சோதனை கெட்டுப்போவது பெரும்பாலும் வாயுக் குழாயைத் திறப்பதற்கு முன்பே. ஜியோலைட் என்பது நுண்துளைகள் நிறைந்த அலுமினோசிலிக்கேட் படிகம், அதன் துளைகளில் சோடியம் போன்ற அயனிகள் இருக்கும். அதற்குத் தண்ணீர் மேல்தான் ஆசை அதிகம். சோடியம் அயனியை நீர் சூழ்ந்திருந்தால் கார்பன் டைஆக்ஸைடுக்கு அங்கே இடமில்லை.

முதலில் வில்லை, அதாவது தூளை அழுத்திச் செய்யும் மெல்லிய தட்டு. சோடியம் வடிவ 13எக்ஸ் (ஒரு ஜியோலைட் வகை) தூள் 15 மி.கி. எடுத்து, 13 மி.மீ. அச்சில் சீராகப் பரப்பி, சுமார் 1 டன் சுமையில் அரை நிமிடம் அழுத்துங்கள். தடித்தால் ஒளி ஊடுருவாது. மெலிந்தால் இடுக்கியில் எடுக்கும்போதே நொறுங்கும். அகச்சிவப்பு வில்லைகளில் வழக்கமாகச் சேர்க்கும் பொட்டாசியம் புரோமைடை இங்கே கலக்காதீர்கள். அதிலுள்ள பொட்டாசியம் சோடியத்தின் இடத்தில் புகுந்துவிடலாம்.

கால்சியம் ஃபுளோரைடு சன்னல்கள் உள்ள வெற்றிடக் கலத்தில் வில்லையை வைத்து, நிமிடத்துக்கு 2 டிகிரி வீதம் 150 டிகிரி செல்சியஸுக்கு ஏற்றி 1 மணி நேரம் நிறுத்துங்கள். பிறகு 400 டிகிரியில் 4 மணி நேரம். அவசரப்பட்டால் நீராவி சீறி வெளியேறி வில்லை வெடிக்கும். சூடான ஆவி ஜியோலைட்டின் படிகச் சட்டகத்தையும் சிதைக்கும். அறை வெப்பநிலைக்கு ஆறியதும் அகச்சிவப்பு நிறமாலையில் 1640 செ.மீ⁻¹ (அலை எண்) பக்கம் பாருங்கள், தண்ணீரின் அதிர்வு தெரியும் இடம் அது. அங்கே மேடு தெரிந்தால் இன்னும் ஈரம் இருக்கிறது, திரும்பச் சூடேற்ற வேண்டியதுதான். தெரியாவிட்டால் அந்த நிறமாலையே உங்கள் அடிப்படை.

இனி வாயு. 0.1 மில்லிபார் போலச் சிறு சிறு தவணையாக விட்டு, நிறமாலை மாறாமல் நின்றபின் பதியுங்கள், 2 செ.மீ⁻¹ பிரிதிறன், 64 ஸ்கேன் போதும். கருவியின் உட்புறத்தில் உலர் நைட்ரஜன் ஓடட்டும். இல்லையென்றால் உங்கள் மூச்சுக்காற்றும் பதிவில் ஏறும்.

தனித்த வாயு 2349 செ.மீ⁻¹-ஐ நடுவாகக் கொண்டு இருபுறமும் இரு அகன்ற மேடுகளாகத் தெரியும். சோடியம் அயனியோடு முனை சேர்த்து ஒட்டியது 2350–2360-க்குள் ஒரே மேடாக வரும். அழுத்தம் கூடும்போது வாயுவின் மேடுகளும் அதோடு கலந்துவிடும். வில்லையை ஒளிப்பாதையிலிருந்து நகர்த்தி வாயுவை மட்டும் பதிந்து கழித்துவிடுங்கள். 1380 அருகே சின்ன மேடு தெரிந்தால் பயப்பட வேண்டாம். தனி மூலக்கூறில் தெரியாத சமச்சீர் அதிர்வு, ஒட்டியதால் சமச்சீர் குலைந்து தலைகாட்டுகிறது.

புதியவர்கள் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. 2350 மேடு மிக வலுவானது. உட்கவர்திறன் (ஒளி எவ்வளவு உறிஞ்சப்படுகிறது என்ற அளவு) 2-ஐத் தாண்டினால் உச்சி தட்டையாகும், அந்தப் பரப்பை அளந்து பயனில்லை. அப்போது 2285 பக்கம் போங்கள். இயற்கையில் 1.1 சதவீதமே உள்ள கார்பன்-13 (சற்றுக் கனமான கார்பன்) கொண்ட மூலக்கூறின் குட்டி மேடு அங்கே ஒழுங்காக வளர்ந்துகொண்டிருக்கும்.

கடைசியில் அறை வெப்பநிலையிலேயே வெற்றிடமாக்குங்கள். 2350 மேடு கரைந்தும் 1300–1700 இடையே ஏதாவது நின்றால், அது கார்பனேட்டாக மாறி வேதிப்பிணைப்பில் ஒட்டிய பங்கு. ஆனால் 1640-இல் நிற்பதைக் கார்பனேட் கணக்கில் சேர்க்கும் முன், கலத்தில் கசிவு வழியே ஈரம் புகுந்திருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள்.