சோளக்குருவித் திரளைப் பார்ப்போர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பனிக்கால மாலைகளில் காரைக்குடி, திருப்பத்தூர் வட்டாரக் கண்மாய்க் கரைகளில் நிற்பவர்கள், சிறு பறவைகள் ஒரு பெருந்திரளாய் எழுந்து, சுருண்டு, விரிந்து, மீண்டும் குவிந்து, பொழுது அடையும் நேரத்தில் மரங்களுக்குள் இறங்குவதைக் காணக்கூடும். கிழக்கு ஐரோப்பாவிலும் நடு ஆசியாவிலும் இனப்பெருக்கம் செய்துவிட்டு, குளிர்காலத்தைக் கழிக்க இந்தியாவுக்கு வரும் சோளக்குருவிகள் அவை. சூறைக்குருவி என்றும் சொல்வார்கள். அந்தக் காட்சியை ரசிக்கத் தனிப்படிப்பு வேண்டியதில்லை. ஆயினும் நாம் பழக்கத்தால் நம்பிவரும் சில கருத்துகள் அதிலுள்ள உண்மையான வியப்பை மறைத்துவிடுகின்றன.

அவற்றுள் பெரிய தவறு, முன்னால் பறக்கும் பறவையைத் தலைவனாகக் கொள்வது. திரள் திரும்பும்போது உற்றுப் பார்த்தால் இந்த எண்ணம் நிலைக்காது. படைவீரர்களின் வரிசை திரும்புவதைப்போல உள்பக்கம் மெதுவாகவும் வெளிப்பக்கம் விரைவாகவும் செல்வதில்லை. எல்லாப் பறவைகளும் ஏறத்தாழ ஒரே அளவான வளைவில் திரும்புவதால், சற்றுமுன் முகப்பில் இருந்தவை பக்கவாட்டுக்கும், பக்கவாட்டில் இருந்தவை முகப்புக்கும் வந்துவிடுகின்றன. தலைமை என்று ஒன்று இருந்தால், அது ஒவ்வொரு திருப்பத்திலும் கைமாற வேண்டியிருக்கும். ஒவ்வொரு பறவையும் பக்கத்துப் பறவைகளோடு மோதாமல் விலகுதல், அவை செல்லும் திசையிலேயே செல்லுதல், அவற்றை விட்டுப் பிரியாதிருத்தல் ஆகிய மூன்றே விதிகளால் இத்தகைய இயக்கம் பிறக்கும் என்பதை 1986இல் கணினி வரைகலை வல்லுநரான கிரெய்க் ரெனால்ட்ஸ் கணினித் திரையில் காட்டினார்.

அப்படியானால் ஒரு பறவை எத்தனை பறவைகளைக் கவனிக்கிறது? குறிப்பிட்ட தொலைவுக்குள் இருப்பவை அனைத்தையும் என்று கருதுவது அடுத்த தவறு. ரோம் நகரில் தெர்மினி ரயில் நிலையத்தை அடுத்துள்ள அருங்காட்சியகக் கட்டடத்தின் கூரையில் கேமராக்களை நிறுத்தி, ஐரோப்பிய ஸ்டார்லிங் கூட்டங்களை முப்பரிமாணத்தில் அளந்த இத்தாலிய இயற்பியலாளர்கள், தொலைவு எவ்வளவானாலும் ஒவ்வொன்றும் அருகிலுள்ள ஆறேழு பறவைகளைச் சார்ந்தே இயங்குகிறது என்று 2008இல் வெளியிட்டார்கள். திரள் நெருங்கினாலும் விரிந்தாலும் அந்தப் பிணைப்பு அறுவதில்லை; வல்லூறு பாய்ந்து சிதறடித்த பின்னும் கூட்டம் மீண்டும் ஒன்றுகூடுவதற்கு இதுவே காரணமாகலாம். அளக்கப்பட்டது நம் சோளக்குருவி அல்ல, அதன் உறவினம் என்பதை மட்டும் நினைவில் கொள்ள வேண்டும்.

திருப்பங்கள் நொடிக்கு 20 முதல் 40 மீட்டர் வேகத்தில் கூட்டத்தினூடே பரவுவதும் பின்னர் அளந்து அறியப்பட்டது. இந்த வேகத்தைக் கண்ணால் பின்தொடர முடியாததால்தான், எட்மண்ட் செலூஸ் என்ற பறவை ஆர்வலர் 1931இல் இதற்குப் பறவைகளின் எண்ணம் ஒன்றிலிருந்து ஒன்றுக்கு நேரே தாவும் மனத்தொடர்பைக் காரணமாகக் கருதினார். மந்திரம்போலத் தோன்றும் ஒன்று வெறும் அண்டை அயல் உறவால் நிகழ்கிறது என்பதே எனக்கு அதைவிடப் பெரிய அழகாகப் படுகிறது.

திரள் திடீரெனக் கறுப்பாகத் தெரிந்தால் பறவைகள் நெருங்கிவிட்டன என்று முடிவு கட்டவும் கூடாது. கூட்டம் பெரும்பாலும் தட்டையான விரிப்பாக இருப்பதால், அது சாய்ந்து விளிம்பு நம் பக்கம் திரும்பும்போது ஒரே பார்வைக் கோட்டில் பல பறவைகள் அடுக்கி வந்து கருமை கூடுகிறது.

திருப்பத்தூர் அருகிலுள்ள வேட்டங்குடிப் பறவைகள் சரணாலயத்தில் அணிவகுத்துச் செல்லும் நீர்ப்பறவைகளையும் இதையும் ஒன்றாக்கிப் பேசுவதும் பொருந்தாது. சாய்ந்த வரிசையில் பறக்கும் பெரிய பறவை முன்னதன் இறக்கை எழுப்பும் காற்றால் உழைப்பைக் குறைத்துக்கொள்ளலாம். நெருக்கமான திரளுக்கு அந்த ஆதாயம் கிடைப்பது அரிது.

சோளத்தைச் சூறையாடும் பறவை என்று மட்டும் சோளக்குருவியை ஒதுக்குவதும் நியாயமன்று. வெட்டுக்கிளிகளையும் இது பெருமளவில் தின்கிறது.

படம் பிடிப்பதற்காகக் கைதட்டியோ, வெடி வெடித்தோ, டிரோனை ஏவியோ, அடைந்த பறவைகளை மறுபடியும் எழுப்புவதை அறவே தவிர்க்க வேண்டும். இரவுக் குளிருக்குச் சேர்த்துவைத்த ஆற்றலை அது வீணாக்கும். வேட்டங்குடியை ஒட்டிய கொள்ளுக்குடிப்பட்டி மக்கள் பறவைகளுக்காகத் தீபாவளிக்கே வெடி வெடிப்பதில்லை. சூரியன் மறைவதற்கு அரை மணி நேரம் முன்பே கரைக்கு வந்து, அடையும் மரங்களை விட்டுத் தள்ளி அமைதியாக நின்றால் போதும். திரள் தானாகவே தலைக்கு மேலே வரும்.