சிங்கப்பூர் – நியூயார்க் பயண நேரம்: கணக்கில் எங்கே தவறுகிறோம்?

சிங்கப்பூர் சாங்கியிலிருந்து நியூயார்க் ஜான் எஃப். கென்னடி விமான நிலையம் எவ்வளவு தூரம் என்று தேடினால் சுமார் 15,340 கிலோமீட்டர் என்று வரும். அதை விமானத்தின் வேகம் மணிக்கு 900 கிலோமீட்டர் என்று வைத்து வகுத்து, சரி, 17 மணி நேரம் என்று முடிவு கட்டிவிடுவதுதான் முதல் தவறு. நேரடி விமானத்துக்கு அட்டவணையில் 18 மணி நேரத்துக்கு மேல் போட்டிருப்பார்கள்.

அந்த 15,340 என்பது பூமி உருண்டையின் மேல் நூலை இழுத்துப் பிடித்து அளந்த தூரம். இந்த இரண்டு ஊருக்கும் நடுவே நூல் வட துருவத்தை ஒட்டிப் போகும். சுவரில் மாட்டிய உலகப் படத்தில் ஸ்கேல் வைத்துக் கோடு போட்டால் இது தெரியவே தெரியாது. ஆனால் விமானம் அந்த நூலைப் பிடித்துக்கொண்டு போவதில்லை. உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்கே பலமாக வீசும் காற்று பின்னாலிருந்து தள்ளினால் ஆயிரம் கிலோமீட்டர் சுற்றினாலும் லாபம்தான் என்பதால், சிங்கப்பூரில் கிளம்பும் விமானம் பெரும்பாலும் பசிபிக் வழியாகக் கிழக்கே போகிறது. ஊர்கள் இரண்டும் உருண்டையின் எதிரெதிர்ப் பக்கங்களில் இருப்பதால், திரும்பும்போதும் அட்லாண்டிக், ஐரோப்பா வழியாகக் கிழக்கு நோக்கியே வருவது உண்டு. எனக்கு இதில் மிகவும் பிடித்த விஷயம் இதுதான். எல்லா ஊருக்கும் இப்படி அமையாது. சென்னையிலிருந்து லண்டன் போகக் கூடுதல் நேரம் ஆகும், வரும்போது குறையும், எதிர்க்காற்றுதான் காரணம்.

இன்னொன்று, அட்டவணை நேரத்தில் ஓடுபாதைக்கு ஊர்ந்து போவதும் இறங்கியபின் வந்து நிற்பதும் சேர்த்தி. தூரத்தைப் படிக்கும்போது அலகையும் பாருங்கள், 8,285 என்று இருந்தால் அது அதே தூரத்தைக் கடல் மைல் என்ற அலகில் சொன்னது.

அதிகம் பேர் சறுக்குவது கடிகாரத்தில். டிக்கெட்டில் இருப்பது அந்தந்த ஊர் நேரம். திங்கள் பகல் 12 மணிக்குச் சிங்கப்பூரில் ஏறி பதினெட்டரை மணி நேரம் பறந்தால், கோடைக்காலத்தில் நியூயார்க் கடிகாரம் 12 மணி நேரம் பின்தங்கி இருப்பதால் அங்கே அதே திங்கள் மாலை 6.30. ஆறரை மணி நேரப் பயணம் போலத் தெரியும்! திரும்பும்போது திங்கள் இரவு 10.30-க்கு ஏறினால் இறங்குவது புதன் காலை 5 மணிக்கு. செவ்வாய்க்கிழமை அழைத்துப்போக வந்து நிற்காதீர்கள். நவம்பர் முதல் ஞாயிறு தொடங்கி மார்ச் இரண்டாம் ஞாயிறு வரை இந்த 12 மணி நேர வித்தியாசம் 13 ஆகிவிடும், ஏனென்றால் அமெரிக்கா கடிகாரத்தை மாற்றும், சிங்கப்பூர் மாற்றாது.

சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரை சாப்பிடுகிறவர்கள் கூட வந்தால் இந்தக் கணக்கை விளையாட்டாக எடுத்துக்கொள்ளவே கூடாது. "ராத்திரி மாத்திரை" என்று போகிற ஊர்க் கடிகாரத்தைப் பார்த்துக் கொடுத்தால் இடைவெளி குழம்பிவிடும். எத்தனை மணி நேரத்துக்கு ஒன்று என்று டாக்டரிடம் முன்பே எழுதி வாங்குங்கள். அப்புறம், விமானத்தில் இருக்கும்வரை அவர்கள் கை வாட்ச்சைக் கிளம்பிய ஊர் நேரத்திலேயே விட்டுவிடுங்கள்.