புது ரைடை எடைபோடுகிறீர்களா? இந்தத் தவறுகளைத் தவிருங்கள்

ஒரு தீம் பார்க்கில் புது ரைடு திறந்த வாரத்தில் வரும் விமர்சனங்களைப் படித்தால் என் பழைய நோட்டுப் புத்தகத்தைப் புரட்டுவது போலவே இருக்கிறது. "செம", "மொக்கை", "இன்னும் நல்லா பண்ணியிருக்கலாம்" என்று மூன்றே தீர்ப்புகள். மூன்றாவதை எழுதுபவரிடம் "என்ன பண்ணியிருக்கலாம்?" என்று கேட்டால் பதில் வராது.

வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டு ஏறாதீர்கள், உயரக் கட்டுப்பாட்டைப் பாருங்கள் என்பதையெல்லாம் நான் சொல்லப் போவதில்லை. அதெல்லாம் வாசல் பலகையிலேயே இருக்கும். பல வருடங்களாக ரைடு ஏறி எழுதுகிறவர்கள்கூடத் தடுக்கி விழும் இடங்களை மட்டும் பார்ப்போம்.

ஒரே ஒரு முறை ஏறிவிட்டு எழுதுவது

முதல் வரிசைக்காரரும் கடைசி வரிசைக்காரரும் ஒரே ரோலர் கோஸ்டரில் ஏறினாலும் இருவருக்கும் கிடைப்பது வேறு வேறு அனுபவம். முதல் வரிசை உச்சியைத் தாண்டித் தொங்கும்போது, பின்னால் இருக்கும் பெட்டிகள் இன்னும் மேலே ஏறிக்கொண்டிருக்கும். ரயில் வேகம் பிடித்திருக்காது. கடைசி வரிசை அதே உச்சிக்கு வரும்போது முன்பெட்டிகள் கீழே பாய்ந்துகொண்டிருக்கும். அந்த இழுப்பில் உடம்பு இருக்கையை விட்டு எழும்பும். "முதல் இறக்கத்தில் ஒன்றுமே இல்லை" என்று எழுதுபவர் எந்த வரிசையில் உட்கார்ந்தார் என்று சொன்னால்தான் அந்த வாக்கியத்துக்கு அர்த்தம்.

நேரமும் முக்கியம். சக்கர பேரிங்கில் இருக்கும் கிரீஸ் காலைக் குளிரில் கெட்டியாக இருக்கும். ஓடி ஓடிச் சூடான பிறகு உராய்வு குறைந்து அதே ரயில் வேகமாகப் போகும். காலை முதல் ரயிலில் ஏறி "சோம்பலாக ஓடுகிறது" என்று எழுதியவர்கள் மாலையில் ஒருமுறை ஏறிப் பார்க்கட்டும்.

அப்புறம், அதிகாரபூர்வத் திறப்புக்கு முன் நடக்கும் சோதனை ஓட்டத்தில் ஏறியிருந்தால் அதையும் சொல்லுங்கள். பாதி எஃபெக்டுகள் இன்னும் ஓட ஆரம்பித்திருக்காது. அதைப் பார்த்துவிட்டு எழுதும் தீர்ப்பு ரைடைப் பற்றியது அல்ல.

வீடியோவைப் பார்த்து முடிவு கட்டுவது

வேண்டாம். கேமராவுக்கு வயிறு கிடையாது.

வரிசையில் நின்ற கோபத்தை ரைடின் தலையில் கட்டுவது

2019 ஜூனில் ஆர்லாண்டோ யுனிவர்சலில் ஹாக்ரிட் மோட்டார் பைக் கோஸ்டர் திறந்த நாளில் காத்திருப்பு நேரம் 10 மணி நேரம் வரை போனது. அதற்குப் பின்னும் அடிக்கடி நின்றது. இன்று அதைப் பற்றிக் கேளுங்கள், பலரும் அந்தப் பார்க்கின் சிறந்த ரைடுகளில் ஒன்று என்பார்கள்.

வரிசையைக் குறை சொல்வதாக இருந்தால் கணக்குப் போட்டுச் சொல்லுங்கள். 24 பேர் உட்காரும் ரயில் நிமிடத்துக்கு ஒன்று கிளம்பினால் மணிக்கு 1,440 பேர் ஏறலாம். ஒன்றரை நிமிடத்துக்கு ஒன்று என்றால் 960 பேர்தான். ஊழியர்களுக்குக் கை பழகாததால் இந்தத் தாமதம் வருகிறது என்றால் சில வாரங்களில் சரியாகிவிடும். ஆனால் மோதாமல் இருக்க டிராக்கின் ஒரு பகுதியில் ஒரு ரயில்தான் இருக்கலாம். அதனால் டிராக்கை எத்தனை பகுதியாகப் பிரித்திருக்கிறார்களோ அதைப் பொறுத்துத்தான் ஒரே சமயத்தில் ஓடும் ரயில்களின் எண்ணிக்கை. கட்டும்போதே பகுதிகளைக் குறைவாக வைத்திருந்தால் வரிசை என்றைக்கும் அப்படித்தான்.

எது மாறும், எது மாறாது என்று பார்க்காமல் காத்திருப்பது

எனக்கு இன்றும் எரிச்சல் வருவது இதில்தான். மற்ற தவறுகளால் விமர்சனம் மட்டும்தான் கெடும். இது பணத்தையும் நேரத்தையும் தின்னும்.

எனக்குத் தெரிந்த ஒரு தம்பி, புதிதாகத் திறந்த ஒரு கோஸ்டரில் ஏறினான். ஒரு வளைவிலிருந்து எதிர்வளைவுக்குத் திரும்பும் இடத்தில் கழுத்து வெடுக்கென்று ஒடிகிறது, கடைசிப் பகுதியில் வேகமே இல்லை என்றான். நியாயமான குறைதான், நானும் ஏறிப் பார்த்தேன். அவன் அதோடு விடவில்லை. "அடுத்த சீசனுக்குள் சரிசெய்துவிடுவார்கள், பாருங்கள்" என்று வருடாந்தர பாஸ் வாங்கினான். வருடம் முழுக்கப் போனான். விளக்கு மாறியது, இசை மாறியது, காத்திருக்கும் இடத்துக்குக் கூரை வந்தது. கழுத்து மட்டும் அதே இடத்தில், அதே மாதிரி வெடுக்கென்றது. வளைத்து நட்டுவைத்த இரும்பு அது, பாவம், அது என்ன செய்யும்?

குறையைக் கண்டதும் முதலில் கேட்க வேண்டியது: இது எங்கே இருக்கிறது? ஒலி, ஒளி, புகை, திரைக் காட்சி, வசனம், வண்டியை எகிறவிடும் லாஞ்ச் நேரம் எல்லாம் ஒரு இரவில்கூட மாறலாம். சக்கரமும் தோள்பட்டைத் தடுப்பும் முழு வண்டியும் மாறலாம், ஆனால் செலவும் மாதங்களும் பிடிக்கும். அமெரிக்காவின் சீடர் பாயிண்ட் பார்க்கில் டாப் த்ரில் 2 கோஸ்டர் 2024 மே மாதம் திறந்து சில நாட்களிலேயே வண்டிச் சக்கரப் பிரச்சினையால் மூடப்பட்டு, 2025-ல்தான் மறுபடி ஓடியது. வண்டியில் இருந்த கோளாறு என்பதால் ஒரு சீசனோடு போயிற்று. டிராக்கின் வடிவம், வளைவின் சாய்வு, கட்டடத்தின் அளவு? அவை கிட்டத்தட்ட நிரந்தரம்.

டிஸ்னிலேண்டில் 1998-ல் வந்த ராக்கெட் ராட்ஸ் என்ற ரைடு இதற்கு நல்ல பாடம். மெதுவாக ஊர்ந்த பீப்பிள்மூவர் என்ற பழைய ரைடின் பாதையிலேயே வேக வண்டிகளை விட்டார்கள். அந்தப் பாதையின் வளைவுகளில் சாய்வு கிடையாது. அதனால் ஒவ்வொரு வளைவிலும் வண்டி வேகத்தைக் குறைத்து, அப்புறம் மறுபடி எகிற வேண்டும். டயர் தேய்ந்தது, அடிக்கடி நின்றது. 2000-ல் பராமரிப்புக்கு என்று மூடினார்கள், திறக்கவே இல்லை. "மென்பொருளை மாற்றினால் சரியாகிவிடும்" என்று நம்பிக் காத்திருந்தாலும் பயனில்லை. மென்பொருள் என்ன செய்தாலும் தட்டையான வளைவு சாயாது.

எஃபெக்ட் விஷயத்திலும் ஏமாறலாம். டிஸ்னியின் அனிமல் கிங்டம் பார்க்கில், செயற்கை மலைக்குள் ஓடும் எக்ஸ்பெடிஷன் எவரெஸ்ட் கோஸ்டர் 2006-ல் திறந்தபோது அதன் முடிவில் பெரிய எட்டி (கதைகளில் வரும் பனிமனிதன்) பொம்மை பாய்ந்து வந்தது. சில மாதங்களிலேயே அசைவு நின்றுபோக, மினுக்கும் விளக்கை வைத்து அசைவது போலக் காட்டினார்கள். 'டிஸ்கோ எட்டி' என்று ரசிகர்கள் பெயர் வைத்தார்கள். வடிவமைப்பாளர் ஜோ ரோட் 2013-ல் ரசிகர்கள் முன்னால் என்றாவது சரிசெய்வேன் என்றார். 2021-ல் அவர் ஓய்வே பெற்றுவிட்டார். பொம்மை என்பதால் சுலபமாகச் சரிசெய்யலாம் என்று தோன்றும். ஆனால் அந்தப் பிரம்மாண்ட இயந்திரம் கட்டி முடித்த மலைக்குள் நிற்கிறது. கை எட்டாத இடத்தில் இருக்கும் எஃபெக்டை இரும்பின் கணக்கில்தான் சேர்க்க வேண்டும்.

சரி, டிராக்கே மாறியதில்லையா? மாறியிருக்கிறது. டெக்ஸாஸ் ஜெயன்ட் 1990-ல் மரக் கோஸ்டராக வந்தது. ராக்கி மவுண்டன் கன்ஸ்ட்ரக்ஷன் நிறுவனத்தின் இரும்பு டிராக்கோடு 2011-ல் புதுப்பிறவி எடுத்தது. சீடர் பாயிண்டில் 1991-ல் வந்த மீன் ஸ்ட்ரீக் (Mean Streak) என்ற மரக் கோஸ்டர் அதே போல 2018-ல் ஸ்டீல் வெஞ்சன்ஸ் ஆனது. வருடங்களைப் பாருங்கள்: ஒன்றுக்கு 21, இன்னொன்றுக்கு 27. உங்கள் வருடாந்தர பாஸ் அவ்வளவு நாள் செல்லாது.

அந்தத் தம்பி அடுத்த பார்க்கில் இன்னொரு புது ரைடில் ஏறிவிட்டு, "வளைவு கொஞ்சம் முரட்டுத்தனம், ஆனால் சீக்கிரம் சரிபண்ணிடுவாங்க" என்று எனக்கு மெசேஜ் அனுப்பினான். நான் பதில் போடவில்லை.

மாற்றம் என்றாலே முன்னேற்றம் என்று நினைப்பது

பல கோஸ்டர்களில் திறந்த பிறகு வரும் 'மேம்பாடு' என்பது நடுவழியில் சேர்க்கும் பிரேக்தான். தேய்மானம் குறையும், ரைடின் உயிரும் குறையும். திறந்த புதிதில் ஏறியவர்களுக்குக் கிடைத்த வேகம் பின்னால் வருபவர்களுக்குக் கிடைக்காமல் போனதுண்டு. ஆகவே பிடித்திருந்தால் இப்போதே இன்னொரு சுற்று ஏறிவிடுங்கள்.

பழைய ரைடோடு ஒப்பிட்டே பேசுவது

அது போய்விட்டது. இதைப் பற்றிப் பேசுங்கள்.

கருத்துப் படிவத்தில் "போர்" என்று எழுதுவது

படிவத்தைப் படிக்கும் ஊழியரால் "போர்" என்பதை வைத்து எந்த நட்டையும் முடுக்க முடியாது. "மாலை நான்கு மணி, மூன்றாவது வரிசை, இரண்டாவது அறையில் வசனம் கேட்கவில்லை, இடதுபக்க ஒலிபெருக்கி அமைதியாக இருந்தது" என்று எழுதுங்கள். பராமரிப்புக் குழு அந்த ஒலிபெருக்கியைத் தேடிப் போகும். அதே படிவத்தில் "வளைவை மாற்றுங்கள்" என்றும் சேர்த்து எழுதாதீர்கள். மாற்ற முடிந்த விஷயமும் அதோடு சேர்ந்து ஓரத்துக்குப் போய்விடும். வருடாந்தரப் பராமரிப்புக்கு ரைடை மூடும் தேதியைப் பார்த்து, அதற்குக் கொஞ்சம் முன்னால் அனுப்பினால் இன்னும் நல்லது. பெரிய வேலைகளை அப்போதுதான் எடுப்பார்கள்.